பழைய ஆண்ட்ராய்டு போனில் கூகுள் பிளே சர்வீசஸை மீண்டும் ஓட வைப்பது எப்படி

நாலைந்து வருடம் அலமாரியில் கிடந்த போனைச் சார்ஜ் ஏற்றி ஆன் செய்தால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ‘கூகுள் பிளே சர்வீசஸ் ஹேஸ் ஸ்டாப்டு’ என்ற செய்திதான். ஓகே அழுத்தினால் மறையும், அடுத்த நொடி திரும்ப வரும். பிளே ஸ்டோரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் சேவைக் கோப்பு மிகப் பழையதாகிவிட்டதால் கூகுள் சர்வரோடு அதற்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பொருத்தமான கோப்பை முறையான வரிசையில் போட்டால் ஒரு மணி நேர வேலை. ‘லேட்டஸ்ட்’ என்று தேடிக் கிடைத்த முதல் கோப்பைப் போட்டால் ஒரு நாள் வேலை.

இந்த வழிமுறை ஆண்ட்ராய்டு 5.0 முதல் 7.1 வரை உள்ள போன்களுக்கானது. அதற்குக் கீழே இருந்தால் முயற்சி எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 2.3.7-க்கும் அதற்கு முந்தையதற்கும் 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் கணக்கில் நுழையவே வழியில்லை. 4.1 முதல் 4.3 வரை உள்ள போன்களுக்கு பிளே சர்வீசஸ் 21.30 வரிசையோடு, 2021 ஆகஸ்டில் நின்றது. 4.4-க்கு 2023 ஆகஸ்டில், 23.30 வரிசையோடு நின்றது. 4.4 போனில் அந்தக் கடைசிப் பதிப்பைப் போட முடியும்; ஆனால் அதன் வெப்வியூ (ஆப்களுக்குள் இணையப் பக்கத்தை வரைந்து காட்டும் பகுதி) ஆண்ட்ராய்டுக்குள்ளேயே பதிந்திருப்பதால் புதுப்பிக்க முடியாது, வாட்ஸ்அப்பும் அதில் ஓடாது. பாட்டு கேட்கவும் அலாரம் வைக்கவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நேரம் செலவிடுவது வீண்.

உள்ளே இருப்பவை நான்கு

பிளே ஸ்டோர் வெறும் கடை முகப்பு. வேலை நடப்பது அதன் பின்னால். பிளே சர்வீசஸ்தான் கணக்கு நுழைவு, நோட்டிஃபிகேஷன், இருப்பிடம், மேப் எல்லாவற்றையும் மற்ற ஆப்களுக்குத் தருகிறது. சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க், போனைக் கூகுளிடம் பதிவு செய்து அதற்கென ஓர் அடையாள எண் வாங்கி வைத்திருக்கிறது. அக்கவுண்ட் மேனேஜர், பழைய ஆண்ட்ராய்டில் கணக்கு விவரங்களைக் கையாளும் சிறிய துண்டு. அது தனிக் கோப்பாக வந்தது 7.1.2 வரைதான்.

கூகுளோடு விற்பனைக்கு வந்த எந்தப் போனிலும் இந்த நான்கின் தொழிற்சாலைப் பிரதி, அழிக்க முடியாத சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருக்கும். நாம் போடுவது அதன் மேல் ஒரு புதிய அடுக்கு மட்டுமே. ஆகவே அப்படிப்பட்ட போனில் நாம் தொட வேண்டியவை இரண்டு: பிளே சர்வீசஸ், பிளே ஸ்டோர். ஃப்ரேம்வொர்க்கும் அக்கவுண்ட் மேனேஜரும் அந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கென்றே வந்தவை, அவற்றை மாற்றாதீர்கள். நான்கையும் வரிசையாகப் போடச் சொல்லும் வழிமுறைகள் அமேசான் ஃபயர் டேப்லெட் போன்ற, கூகுளே இல்லாத கருவிகளுக்காக எழுதப்பட்டவை.

கோப்பைத் தேடும் முன்

முதலில் தேதி. பேட்டரி முழுக்க வடிந்து கிடந்த போனில் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் எந்தப் பாதுகாப்பான இணைப்பும் அமையாது, ஏனென்றால் சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் ‘இன்னும் தொடங்காதது’ என்று போன் நினைக்கும். சிம் இல்லாத போனில் ஆட்டோமேட்டிக் நேரம் சரியாக வராமல் போகலாம். கையால் வையுங்கள், நேர மண்டலத்தையும் பாருங்கள்.

அடுத்தது இடம். ஆண்ட்ராய்டு 5-உம் 6-உம் ஒரு ஆப்பை நிறுவும்போதே அதன் நிரல் முழுவதையும் இயந்திர மொழிக்கு மாற்றிச் சேமிக்கின்றன. அதனால் 100 எம்பி கோப்பு 100 எம்பியோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். உள் நினைவகத்தில் குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்கட்டும். மெமரி கார்டில் இடம் இருப்பது இதற்கு உதவாது. 8 ஜிபி போன்களில் பழைய வாட்ஸ்அப் வீடியோக்களைத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பேட்டரி வீங்கியிருந்தால், அதாவது பின்மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டிருந்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதைச் சார்ஜில் போடக் கூடாது.

இன்னொன்று, செலவே இல்லாத வழி. தேதியைச் சரிசெய்து, இடம் விட்டு, வைஃபையோடு இணைத்து, கூகுள் கணக்கு சேர்த்திருந்தால் அப்படியே வைத்து, சார்ஜிலேயே ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிளே சர்வீசஸ் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் பழக்கம் உடையது. காலையில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகியிருந்தால் கீழே உள்ள நிறுவல் எதுவும் தேவையில்லை.

சான்றிதழ் சிக்கல்

பிளே ஸ்டோர் ஓடும், ஆனால் பாதி இணையதளங்களும் சில ஆப்களும் ‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று மறுக்கும். தேதி சரியாக இருந்தும் இப்படி என்றால் காரணம் வேறு. இணையத்தில் மிக அதிகமான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தருவது லெட்ஸ் என்கிரிப்ட். அதன் மூலச் சான்றிதழான (மற்ற சான்றிதழ்களை நம்பப் போன் அடிப்படையாக வைத்திருப்பது) ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் போனுக்குள் இருக்கிறது. அதற்கு முந்தைய போன்கள் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற பழைய மூலத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. அது 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டுக்காக நீட்டித்த சிறப்பு ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது.

கூகுளின் சொந்தத் தளங்களுக்கு இந்தச் சிக்கல் இப்போதைக்கு இல்லை. அவை குளோபல்சைன் என்ற பழைய மூலத்தையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதன் காலம் 2028 ஜனவரி 28 வரை. அதனால்தான் ஸ்டோர் திறக்கிறது, பக்கத்து ஆப் திறக்கவில்லை.

ஆண்ட்ராய்டு 5, 6 போன்களில் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1-ஐ நாமே சேர்க்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தளத்தில் சான்றிதழ்கள் பக்கத்தில் கோப்பு இருக்கிறது. அந்தத் தளமே அதே சான்றிதழில்தான் ஓடுகிறது என்பதால் பழைய போனில் அது திறக்காது. வேறு போனிலோ கணினியிலோ இறக்கி, யுஎஸ்பி கேபிளிலோ மெமரி கார்டிலோ மாற்றுங்கள். கோப்பின் பெயர் முடிவு சிஆர்டி (.crt) அல்லது சிஇஆர் (.cer) என்று இருந்தால்தான் போன் அதைக் கண்டுகொள்ளும்; வேறு முடிவில் இறங்கியிருந்தால் பெயரை மாற்றினால் போதும். பிறகு செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதில் ‘இன்ஸ்டால் ஃப்ரம் ஸ்டோரேஜ்’. எதற்கு என்று கேட்கும்போது ‘விபிஎன் அண்ட் ஆப்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரைப் பூட்டாக ஒரு பின் (PIN) எண் வைக்கச் சொல்லும். வைத்தே ஆக வேண்டும், பிறகு அதை எடுத்தால் சான்றிதழும் போய்விடும். சேர்த்த சான்றிதழைத் திறந்து பார்த்தால் காலம் 2015 ஜூன் 4 முதல் 2035 ஜூன் 4 வரை என்று இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு ‘நெட்வொர்க் மே பி மானிட்டர்டு’ என்று ஓர் எச்சரிக்கை மேலே நிற்கும். நாமே சேர்த்த எந்தச் சான்றிதழுக்கும் வருவது அது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய சான்றிதழைச் சேர்த்தவருக்கும் அதே எச்சரிக்கைதான் வரும், அங்கே அது நிஜம்: அனுப்பியவரால் உங்கள் போக்குவரத்தை ஒட்டுக்கேட்க முடியும். லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்து நீங்களே எடுத்ததைத் தவிர வேறெதையும் சேர்க்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு 7.0 இரண்டுங்கெட்டான். புதிய மூலம் அதில் இல்லை. நாம் சேர்த்தால் பிரவுசர் ஏற்கும், ஆனால் 7.0-இலிருந்து மற்ற ஆப்கள் பயனர் சேர்த்த சான்றிதழ்களை இயல்பாக நம்புவதில்லை. அந்த மாடலுக்கு 7.1 அப்டேட் வந்திருந்தால் அதைப் போடுவதே வழி. வராவிட்டால் சொந்தமாக மூலப் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸில் இணையம் பார்க்கலாம். ஆப்களுக்கு அது உதவாது.

எந்தக் கோப்பு

ஒரே பதிப்பு எண்ணில் பிளே சர்வீசஸுக்குப் பத்துப் பதினைந்து கோப்புகள் இருக்கும். அவற்றை வேறுபடுத்துவது அடைப்புக்குறிக்குள் உள்ள ஆறு இலக்க எண்: 020300, 040400 என்பது மாதிரி. இதை இரண்டு இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்.

முதல் இரண்டு இலக்கம் ஆண்ட்ராய்டு பதிப்பு. 02 என்றால் 5.0-உம் 5.1-உம். 04 என்றால் 6.0 முதல், 7.0, 7.1 போன்களுக்கும் இதுவே. 10 என்றால் 9, நம் போன்களுக்கு ஆகாது.

நடு இரண்டு இலக்கம் பிராசசர் வகை. 03 என்றால் 32-பிட் ஆர்ம், 04 என்றால் 64-பிட் ஆர்ம்.

கடைசி இரண்டு இலக்கம் திரையின் புள்ளி அடர்த்தி. 04 என்றால் 240, 06 என்றால் 320, 08 என்றால் 480. 00 இருந்தால் எல்லாத் திரைக்கும் பொருந்தும். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

ஆக ஆண்ட்ராய்டு 5.1, 32-பிட் போனுக்கு 020300. ஆண்ட்ராய்டு 6 அல்லது 7, 64-பிட் போனுக்கு 040400.

நடு எண்ணில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ‘64-பிட் பிராசசர்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32-பிட்டாக இருக்கலாம். மூன்றாம் தலைமுறை மோட்டோ ஜி இதற்கு நல்ல உதாரணம்: ஸ்னாப்டிராகன் 410 64-பிட் சிப்தான், ஆனால் போன் வந்தது 32-பிட் ஆண்ட்ராய்டோடு. சாம்சங் ஜே வரிசையிலும் இப்படி உண்டு. சிப்பின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்ப்பதை விட, போனையே கேட்பது நல்லது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் கூகுள் பிளே சர்வீசஸைத் திறந்தால் இப்போது இருக்கும் பதிப்பு எண் தெரியும். அதன் அடைப்புக்குறியில் ஆறு இலக்கக் குறியீடு இருந்தால் நடு இரண்டைப் படித்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய பதிப்பு என்றால் அடைப்புக்குறியின் கடைசியில், கோட்டுக்குப் பிறகு மூன்று இலக்கம் மட்டும் இருக்கும். 236 என்றால் 2, 3, 6 என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள், 020306. போனோடு வந்த பதிப்பு சொல்லும் பிராசசர் எண் பொய்க்காது. ஆண்ட்ராய்டு எண் மட்டும், இடையில் 5-இலிருந்து 6-க்கு அப்டேட் ஆகியிருந்தால், பழையதைக் காட்டலாம். அதை ‘அபவுட் போன்’ பக்கத்தில் சரிபாருங்கள்.

குறியீடு தெரிந்ததும் ஏபிகேமிரர் போன்ற தளத்தில் அந்தக் குறியீடு உள்ள பதிப்புகளில் ஆகப் புதியதை எடுங்கள். பீட்டா என்று எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். பிளே ஸ்டோருக்கு இத்தனை வகை கிடையாது. குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு என்ன என்று மட்டும் பார்த்து, ஒற்றை ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) கோப்பாக இருப்பதை எடுக்கவும். ‘பண்டில்’ என்று இருப்பது பல துண்டுகள் சேர்ந்தது, சாதாரணமாகத் தட்டினால் நிறுவாது.

வெளியிலிருந்து எடுக்கும் கோப்பை நம்பலாமா? ஏற்கெனவே கூகுள் உள்ள போனில் போனே காவல்காரன்: உள்ளே இருக்கும் பிரதியின் கையொப்பமும் (யார் உருவாக்கியது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) புதிய கோப்பின் கையொப்பமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு நிறுவவே விடாது. கூகுளே இல்லாத கருவியில் அந்தக் காவல் கிடையாது. அங்கே கணினியில் ஏபிகேசைனர் கருவியால் கையொப்பத்தைப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டுக்கான கூகுள் கோப்புகளின் ஷா-1 எண் (கையொப்பத்தின் சுருக்க அடையாளம்) 38918 என்று தொடங்கி 5788 என்று முடிய வேண்டும்.

நிறுவும் வரிசை

கோப்புகள் இரண்டும் போனின் உள் நினைவகத்தில் தயாராக இருக்கட்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்கட்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அந்த எண் வரும் போனும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1. வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணையுங்கள். இதை விட்டுவிட்டால் நாம் பழையதைக் கழற்றும் நேரத்தில் போன் தானாகவே வேறொன்றை இறக்கி மாட்டிக்கொள்ளும், நம் கோப்பு ‘டவுன்கிரேட்’ என்று மறுக்கப்படும்.

2. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். தொடர்பு எண்கள் போனில் மட்டும் இருந்தால் முதலில் மெமரி கார்டுக்கு ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

3. செக்யூரிட்டியில் டிவைஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் பட்டியலில் ‘ஆண்ட்ராய்டு டிவைஸ் மேனேஜர்’ அல்லது ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ டிக் ஆகியிருந்தால் எடுங்கள். அடுத்த படியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் நிற்பதற்கு இதுதான் காரணம்.

4. ஆப்ஸ் பட்டியலில் பிளே ஸ்டோர், பிறகு பிளே சர்வீசஸ்: இரண்டிலும் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’, ‘கிளியர் டேட்டா’. சில போன்களில் இது மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். யாராவது முன்பு ‘டிஸேபிள்’ செய்து வைத்திருந்தால் ‘எனேபிள்’ செய்யுங்கள். ரீஸ்டார்ட்.

5. செக்யூரிட்டியில் ‘அன்நோன் சோர்சஸ்’ ஆன் செய்து, பிளே சர்வீசஸ் கோப்பை நிறுவுங்கள். ஆண்ட்ராய்டு 5, 6-இல் பட்டை ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம், போனும் சூடாகும். நடுவில் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

6. பிளே ஸ்டோர் கோப்பு. மறுபடி ரீஸ்டார்ட். இப்போது வைஃபையை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, அதன் பிறகு கணக்கைச் சேருங்கள். ‘அன்நோன் சோர்சஸை’ அணைத்துவிடுங்கள்.

கணினியில் ஏடிபி (கேபிள் வழியாகப் போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) பழக்கம் உள்ளவர்கள் கோப்பைத் தட்டுவதற்குப் பதில் ஏடிபி இன்ஸ்டால் கட்டளையில் போடலாம். ஒரு நன்மை: போன் திரையில் ‘ஆப் நாட் இன்ஸ்டால்டு’ என்று மொட்டையாக வரும் இடத்தில் ஏடிபி உண்மையான காரணத்தைச் சொல்லும். ‘நோ மேச்சிங் ஏபிஐஸ்’ என்றால் நடு இரண்டு இலக்கம் தவறு. ‘வெர்ஷன் டவுன்கிரேட்’ என்றால் உள்ளே இருப்பது நீங்கள் போடுவதை விடப் புதியது. ‘அப்டேட் இன்கம்பாட்டிபிள்’ என்றால் கையொப்பம் ஒத்துப்போகவில்லை. கோப்பு கூகுளுடையது அல்ல, அல்லது போனில் ஏற்கெனவே இருப்பது கூகுளுடையது அல்ல. திரையில் ‘பார்ஸ் எரர்’ வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் உங்கள் ஆண்ட்ராய்டுக்கு மேலானது, இல்லாவிட்டால் கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கிறது.

நுழைவுப் பக்கம் வெள்ளையாக நின்றால்

எல்லாம் நிறுவியாயிற்று, கணக்கு சேர்க்கப் போனால் வெள்ளைத் திரை. இங்கே பிளே சர்வீசஸ் மேல் குற்றமில்லை. நுழைவுப் பக்கம் ஓர் இணையப் பக்கம். அதை வரைந்து காட்டுவது வெப்வியூ. அது 2015-ஐச் சேர்ந்ததாக இருந்தால் இன்றைய பக்கத்தை அதனால் வரைய முடியாது.

ஆண்ட்ராய்டு 5-க்குக் கடைசி குரோம், வெப்வியூ பதிப்பு 95. ஆண்ட்ராய்டு 6-க்கு 106. ஆண்ட்ராய்டு 7-க்கு 119. ஆண்ட்ராய்டு 5, 6-இல் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற தனி ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7-இல் அந்த வேலையைக் குரோமே செய்கிறது, எனவே குரோமைப் புதுப்பியுங்கள். குரோமை டிஸேபிள் செய்து வைத்திருந்தால் மட்டும் தனி வெப்வியூ பொறுப்பேற்கும். இங்கும் 32-பிட், 64-பிட் பார்த்தே எடுக்க வேண்டும்.

‘எரர் ரிட்ரீவிங் இன்ஃபர்மேஷன் ஃப்ரம் சர்வர்’, ஆர்ஹெச்-01 என்று பிளே ஸ்டோர் சொன்னால், பதிவில் குழப்பம். கணக்கை நீக்கி, பிளே ஸ்டோர், பிளே சர்வீசஸ், சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க் மூன்றின் டேட்டாவையும் அழித்து, ரீஸ்டார்ட் செய்து கணக்கைத் திரும்பச் சேருங்கள். ஃப்ரேம்வொர்க்கின் டேட்டாவை அழித்தால் போனுக்குப் புது அடையாள எண் கிடைக்கும். மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷன் அவை மீண்டும் பதிவாகும் வரை தடுமாறும். அதனால் இதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம்.

ஆப்கள் எல்லாம் ஓடுகின்றன, நோட்டிஃபிகேஷன் மட்டும் வரவில்லை என்றால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வந்தால் குற்றவாளி ரவுட்டர். கூகுளின் செய்தி இணைப்பு 5228 முதல் 5230 வரையிலான போர்ட்களில் போகிறது. அலுவலக, விடுதி வைஃபைகளில் இவற்றை அடைத்து வைப்பது சகஜம்.

முதல் நாள் பேட்டரி கடகடவென்று இறங்கும். உள்ளே எல்லாவற்றையும் மறுபடி பதிந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் நாளும் பிளே சர்வீசஸே பேட்டரிப் பட்டியலில் முதலில் நின்றால் திரை அல்லது ஆண்ட்ராய்டு குறியீடு தவறான கோப்பைப் போட்டிருக்கிறீர்களா என்று திரும்பப் பாருங்கள். நிறுவ முடிந்தது என்பதாலேயே அது சரியான கோப்பு ஆகிவிடாது: 6.0 போனில் 02 கோப்பும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

கூகுளே இல்லாத ஆண்ட்ராய்டு

லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று ரோம் (ROM, போனோடு வந்த ஆண்ட்ராய்டுக்குப் பதில் போடும் முழுத் தொகுப்பு) போட்ட போனில் மேலே சொன்னபடி ஏபிகே போட்டால் ஓடாது. பிளே சர்வீசஸுக்குத் தேவையான உரிமைகளை ஆண்ட்ராய்டு, சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும் ஆப்புக்குத்தான் கொடுக்கும். டிடபிள்யுஆர்பி மாதிரியான ரெக்கவரி (ஆண்ட்ராய்டு ஓடாதபோதும் திறக்கும் பராமரிப்புத் திரை) வழியாக ஜிஆப்ஸ் (கூகுள் ஆப்களின் தொகுப்பு) ஜிப் கோப்பை ஃபிளாஷ் செய்ய வேண்டும், அதாவது சிஸ்டம் பகுதிக்குள் எழுத வேண்டும். ஆண்ட்ராய்டு 5 முதல் 7.1 வரைக்கு ஓப்பன் ஜிஆப்ஸ் போதும். அதில் பைக்கோ என்ற மிகச் சிறிய தொகுப்பே எடுங்கள். பெரிய தொகுப்புகள் பழைய போனின் சிறிய சிஸ்டம் பகுதியில் அடங்காமல் எரர் 70 தரும். எரர் 20 வந்தால் ஆண்ட்ராய்டு பதிப்பு பொருந்தவில்லை, 64 வந்தால் பிராசசர் வகை பொருந்தவில்லை.

ரோமை ஃபிளாஷ் செய்த கையோடு, போனை ஒரு தடவைகூட ஆன் செய்யாமல், ஜிஆப்ஸையும் ஃபிளாஷ் செய்துவிட வேண்டும். ஒருமுறை ஆன் செய்துவிட்டுப் பிறகு போட்டால் அனுமதிகள் குழம்பி செட்டப் திரையே விழுந்து விழுந்து எழும். டேட்டாவை அழித்து முதலிலிருந்து வர வேண்டியதுதான். ‘டிவைஸ் இஸ் நாட் பிளே புரொடெக்ட் சர்ட்டிஃபைடு’ என்று வந்தால் கூகுளின் பதிவுப் பக்கத்தில் போனின் ஃப்ரேம்வொர்க் எண்ணைச் சேர்க்கலாம்; ஒரு கணக்குக்கு 100 கருவிகள் வரை.

1 ஜிபி ராம் நினைவகம் உள்ள போனில் பிளே சர்வீசஸ் எப்படிப் போட்டாலும் இழுக்கும். அங்கே மைக்ரோஜி நல்ல மாற்று. கூகுள் சேவைகளின் இடத்தில் உட்கார்ந்து நோட்டிஃபிகேஷன், கணக்கு போன்ற அடிப்படை வேலைகளை மட்டும் செய்யும் திறந்த நிரல் அது. போனில் போட்ட ரோம் ‘சிக்னேச்சர் ஸ்பூஃபிங்’ (ஓர் ஆப் இன்னொன்றின் கையொப்பத்தைத் தனதாகக் காட்டுவது) அனுமதிக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நிறுவிய பிறகு அதன் ‘செல்ஃப் செக்’ பக்கத்தில் எல்லாப் பெட்டியும் டிக் ஆகும் வரை பாருங்கள். டிவைஸ் ரெஜிஸ்ட்ரேஷன், கிளவுட் மெசேஜிங் இரண்டையும் கையால் ஆன் செய்ய வேண்டும்.

பிறகு

ஸ்டோர் ஓட ஆரம்பித்ததும் எல்லா ஆப்பும் வந்துவிடாது. ‘யுவர் டிவைஸ் இஸ்ன்ட் கம்பாட்டிபிள்’ என்று வருவது அந்த ஆப்பை எழுதியவர்கள் வைத்த வரம்பு, பிளே சர்வீசஸால் அதை மாற்ற முடியாது. வங்கி, யுபிஐ ஆப்களை இந்தப் போனில் போடவே வேண்டாம். பிளே சர்வீசஸ் புதியதானாலும் கீழே இருக்கும் ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருடம் ஆகிறது. யூடியூப், பாட்டு, வீட்டுக் கேமரா, குழந்தைகள் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கிய ஜிமெயிலுக்குப் பதில் தனியாக ஒரு கணக்கும் திறந்துகொள்ளுங்கள்.

வேலை செய்த இரண்டு ஏபிகே கோப்புகளையும் வெப்வியூவையும் மெமரி கார்டில் குறியீட்டோடு பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தால் போன் தொழிற்சாலைப் பிரதிக்கே திரும்பிவிடும், முழுக்க மறுபடி செய்ய வேண்டிவரும். அப்படி ரீசெட் செய்யும் முன், அல்லது போனை வேறு யாருக்காவது கொடுக்கும் முன், செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் ரீசெட் பூட்டு இருக்கிறது: கணக்கை நீக்காமல் ரெக்கவரி வழியாக அழித்த போன், ஆன் ஆனதும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்போது உள்ளே இருப்பது தொழிற்சாலைக் காலத்து பிளே சர்வீசஸும் வெப்வியூவும். கடவுச்சொல் தெரிந்தாலும் நுழைவுப் பக்கம் வெள்ளையாகவே நிற்கும், ஏபிகே போட செட்டிங்ஸுக்குள்ளும் போக முடியாது.